கனகராஜின் வலது கை

ஏழு மணிக்கே வந்தும் நாற்பத்தொன்றாம் எண்தான் கிடைத்தது. ஈப்போவில் இத்தனை பேருக்குத் தோலில் தொல்லை என்பது, பெரிய ஆஸ்பத்திரியின் தோல் சிகிச்சைப் பிரிவில் வந்து உட்கார்ந்து பார்த்தால்தான் தெரியும். பாதிப் பேர் சொறிந்துகொண்டிருந்தார்கள். மீதிப் பேர் அவர்களைப் பார்த்துவிட்டுத் தங்களுக்கும் அரிப்பதாக நெளிந்துகொண்டிருந்தார்கள்.

கனகராஜ் எந்தப் பாதியிலும் சேராமல், வலது கையைக் கால்சட்டைப் பைக்குள் விட்டபடி சுவரோரமாக உட்கார்ந்திருந்தான். நான்கு நாட்களாக அந்தக் கை அந்தப் பையைவிட்டு வெளியே வந்ததே அபூர்வம். வீட்டில் சாப்பாட்டைக்கூட இடது கையில் கரண்டி பிடித்துத்தான் சாப்பிட்டான்.

"கைய வெளிய எடுங்களேன். இங்க எல்லாரும் நம்ம ஜாதிதானே," என்றாள் கலாதேவி.

"குளிருதுலா."

கூடத்தில் குளிர்சாதனம் கெட்டுப்போய், மின்விசிறி ஒன்று பேருக்குச் சுற்றிக்கொண்டிருந்தது. கலாதேவி அதை நிமிர்ந்து பார்த்தாள். புருஷனை எப்போது கேட்க வேண்டும், எப்போது விட்டுப் பிடிக்க வேண்டும் என்பதில் அவளுக்குப் பதினெட்டு வருட அனுபவம்.

கனகராஜின் கையைப் பற்றி இந்தத் தொடரில் போன வாரங்களில் நிறையவே பேசியாயிற்று. இப்போதுதான் வந்து சேர்ந்தவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். மூன்று வருடத்துக்கு முன்னால் அவனுடைய வலது கட்டைவிரல் நகத்தோரம் பருப்பளவில் ஒரு மரு முளைத்தது. முடிவெட்டுகிறவனிடம் பிளேடுக்கா பஞ்சம்? தானே சீவி எறிந்தான். ஒன்று போய், விரலுக்கு ஒன்றாக நான்கு வந்தன. பிறகு இடது கையிலும் மூன்று குடியேறின. பூண்டு, சுண்ணாம்பு, மருந்துக்கடைச் சொட்டு எல்லாம் பார்த்தாயிற்று. ஆஸ்பத்திரியில் பனிப்புகை அடித்து உறைய வைத்தார்கள், ஒன்பது முறை. ஒவ்வொரு முறையும் கருகி உதிர்ந்தது, மறு மாதமே அதே இடத்தில் திரும்பி வந்தது.

ஈப்போவின் புந்தோங் பகுதியில் மூன்று நாற்காலி போட்ட முடிதிருத்தும் கடை. முதலாளி பத்துமலை, கலாதேவியின் கூடப்பிறந்த அண்ணன். மூன்றாவது நாற்காலி இருபத்திரண்டு வருடமாகக் கனகராஜுடையது. அந்த நாற்காலியின் பின்னால் நின்ற நான்காம் வருடம்தான் முதலாளியின் தங்கையையே கட்டினான் என்று கடைக்கு வருகிறவர்கள் இன்றைக்கும் கேலி செய்வார்கள். புந்தோங்கில் கல்யாண மாப்பிள்ளைச் சவரம் என்றால் கனகராஜைத்தான் கேட்பார்கள். அப்படிப்பட்டவனிடம், பத்து நாட்களுக்கு முன் ஒரு மாப்பிள்ளை வந்து உட்கார்ந்து, கழுத்தில் துணி கட்டியபின் அவன் விரல்களைப் பார்த்துவிட்டு, "அண்ணே, தப்பா நெனைக்காதீங்க, வேற ஆளு இருக்காங்களா?" என்று கேட்டான்.

அன்று சாயங்காலம் பத்துமலை கடைக்கதவைச் சாத்திவிட்டுப் பேசினார்.

"மாப்ள, நான் ஒங்கள போவச் சொல்லல. அடுத்த வாரம் வியாழக்கிழம ஊசி போட்டுக்கிட்டு வாங்க. வைத்தியம் நடக்குது, ஒரு மாசத்துல நல்லாயிரும்னு நான் ஊருக்கே சொல்லிக்கிறேன். அதுவரைக்கும் நாக்காலி காலியாவே கெடக்கட்டும். ஊசியும் இல்லன்னா எனக்கு வேற வழி இல்லலா. தைப்பிங்லேர்ந்து ஒருத்தன் அதுக்கடுத்த திங்கக்கிழம வாரேன்றான்."

வருகிறவன் வந்து நின்றுவிட்டால் அப்புறம் அது அவனுடைய நாற்காலி. இது இருவருக்குமே தெரியும். நாற்பத்தாறு வயதில், கை நிறைய மருவோடு, வேறு எந்தக் கடையில் போய் நிற்பது? கனகராஜ் தலையை மட்டும் ஆட்டிவிட்டு வந்தான்.

இந்த ஊசிக்காகக் கலாதேவி பட்ட பாடு கொஞ்சநஞ்சமில்லை. கச்சான் கடலைப் பொட்டலம் கட்டும் வேலைக்கு இடையில் ஆஸ்பத்திரிக்கு எத்தனை தடவை போன் போட்டிருப்பாளோ, எத்தனை கடிதத்துக்கு அலைந்திருப்பாளோ. இது எல்லாருக்கும் போடுகிற ஊசி கிடையாது. வேறு எதற்கும் மசியாத மருவுக்கு மட்டும். மருந்தைக் கரைத்துவிட்டால் வைத்திருக்க முடியாது என்பதால், ஐந்தாறு பேரைச் சேர்த்து ஒரே நாளில் வரச் சொல்கிறார்கள். அந்த ஒரு நாள்தான் இன்றைக்கு.

எட்டரை மணி இருக்கும். கூடத்து வாசலில் குடையும் கையுமாக ஒரு கிழவர் தயங்கி நின்றார். கனகராஜ் கையைப் பைக்குள் இன்னும் ஆழமாகச் செருகினான். வந்தது அவனுடைய அப்பா ஐயாவு.

"மாமா, கோலா கங்சார்லேர்ந்தா பஸ் ஏறி வந்தீங்க? இவரு ஒரு வார்த்த சொல்லலையே," என்று கலாதேவி எழுந்தாள்.

"அவனுக்கே தெரியாதும்மா. சும்மா பாத்துட்டுப் போலாம்னு."

"பசியாறிட்டீங்களா?"

"ஆச்சு, ஆச்சு."

ஆகவில்லை என்பது முகத்திலேயே எழுதியிருந்தது. கலாதேவி சாப்பிட ஏதாவது வாங்கிவரக் கேண்டீனுக்குப் போனாள். அவள் தலை மறைந்ததும் ஐயாவு மகனை ஒட்டி உட்கார்ந்தார்.

"எப்படி இருக்கு?"

"பரவால்ல."

"வத்திருச்சா?"

"இப்ப பேசாதீங்கப்பா."

ஐயாவுக்கு எழுபத்திரண்டு வயது. தோட்டத்துத் தொழிலாளர் லயங்களை இடித்து எண்ணெய்ச் செம்பனை நட்ட பிறகும் அவர் பால்மரத்தை விடவில்லை. ஒரு மலாய்க்காரரின் மூன்று ஏக்கர் ரப்பரை இன்னும் சீவிப் பால் எடுக்கிறார். பாலை உறைய வைக்கிற ஆசிட் புட்டி, அவருடைய குசினியில் எண்ணெய்ப் புட்டிக்குப் பக்கத்திலேயே இருக்கும்.

போன ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் கனகராஜ் அங்கே போயிருந்தான். ஊசி விஷயத்தைச் சொல்லத்தான் போனான். சொல்லும்போது, மனைவியிடம் சொல்லாத ஒன்றையும் சேர்த்துச் சொல்லிவிட்டான். அவனுக்குப் பயமாக இருந்தது. மரு கல் மாதிரி இறுகிக் கிடக்கிறது, ஊசி உள்ளே போகவே அழுத்திக் குத்த வேண்டும், உயிர் போய் உயிர் வரும் என்று ஆஸ்பத்திரி நர்ஸ், அதாவது மிஸி, முன்பே எச்சரித்திருந்தாள். சில பேருக்கு மருந்தே உள்ளே இறங்காமல் வெளியே பீச்சிவிடுமாம். அப்படி ஆகிவிட்டால்?

ஐயாவு மகனுடைய கட்டைவிரலைப் பிடித்து வெளிச்சத்தில் காட்டினார். மரத்தில் வெட்டுக் கோட்டைப் பார்க்கிற அதே பார்வை.

"மரத்துல ஒட்டுப்பால உரிக்காம யாராச்சும் கத்தி வைப்பானா? இதுவும் அப்படித்தான்லா. மேல காஞ்சு கெடக்குறத மொத எறக்கிட்டா, ஊசி தன்னால உள்ள போவும்."

அவர் சொன்னதில் தப்பே தெரியவில்லை. ஐம்பது வருடமாக அவர் காலையில் செய்கிற முதல் வேலை அது. முந்தின நாள் வெட்டில் காய்ந்து ஒட்டியிருக்கும் பாலை உரித்து எடுத்த பிறகுதான் கத்தி மரத்தில் படும். தோட்டத்தில் ஆசிட் தொட்டு மருவை இறக்கிக்கொண்டவர்களையும் அவர் பார்த்திருக்கிறார். அங்கே ஸ்டோரில் தொட்டி நிறையத் தண்ணீரில் கலந்து வைத்திருந்த ஆசிட் அது. இவர் புட்டியைத் திறந்து, கோழி இறகை முக்கி, நான்கு மருவிலும் அப்படியே வைத்தார். பாலுக்கென்றால் அளந்து தண்ணீர் கலக்கிறவர்தான். மகன் கை சீக்கிரம் நல்லாக வேண்டும் என்ற அவசரத்தில் தண்ணீர் கலந்தால் வேலை செய்யாது என்று நினைத்துவிட்டார்.

முதலில் ஜில்லென்று இருந்தது. பிறகு எரிந்தது. கனகராஜ் பல்லைக் கடித்துக்கொண்டு, வேலை செய்கிறது, வேலை செய்கிறது என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டான். திங்கட்கிழமை தோல் வெளுத்துக் கொப்பளித்தது. செவ்வாய்க்கிழமை கொப்பளம் உடைந்து, மருவைச் சுற்றி இருந்த நல்ல தோலையும் சேர்த்துக் கழற்றிக்கொண்டு போனது. ஆனால் மரு போகவில்லை. சிவந்த சதைக்கு நடுவில் அதன் கறுப்புப் புள்ளிகள் அப்படியே இருந்தன. ஞாயிற்றுக்கிழமையிலிருந்தே பைக்குள் இருந்த கையை அன்றிலிருந்து துணியும் சுற்றி வைத்திருக்கிறான். மருவோடு வேலை செய்ய முடியாது என்று கடைக்கும் போகவில்லை. கலாதேவியிடம், தொட்டால் உனக்கும் ஒட்டிக்கொள்ளும், கிட்டே வராதே என்று சொல்லித் தப்பித்துக்கொண்டான்.

சொல்லியிருந்தால் அவள் என்ன செய்திருப்பாள்? திட்டியிருப்பாள். மாமனாரைத் திட்டியிருப்பாள். அப்பாவோ, அம்மா போன பிறகு அந்த வீட்டில் தனியாகக் கிடக்கிற மனிதர். மாதம் ஒரு தடவை இந்த வீட்டுக்கு வந்து மருமகள் கையால் ஒரு வாய் சாப்பிட்டுப் போவதுதான் அவருக்கு இருக்கிற ஒரே போக்கு. கனகராஜ் வாயை மூடிக்கொண்டான்.

"நொம்பர் நாப்பத்தொண்ணு," என்று கூப்பிட்டார்கள்.

டாக்டர் கார்மென் பத்து காஜா ஊர்ப் பெண். முப்பதைத் தாண்டியிருக்காது. குரலில் மட்டும் பெரிய டாக்டருக்கு உண்டான நிதானம் இருந்தது. பக்கத்து மேசையில் தட்டு ஒன்றில் சின்னச் சின்னச் சிரிஞ்சுகள் வரிசையாக இருந்தன. கேண்டீனிலிருந்து திரும்பிவிட்ட கலாதேவி கணவனின் தோளுக்குப் பின்னால் நின்றுகொண்டாள். ஐயாவு திரைக்கு வெளியே நாற்காலியில் உட்கார்ந்தார்.

"அண்ணே, இது புற்றுநோய்க்குக் குடுக்குற மருந்து. பயந்துராதீங்க. இங்க ரொம்ப ரொம்பக் கொஞ்சமா, மருவுக்குள்ளயே போடுறோம். உள்ள போயி அந்தக் கிருமி புடிச்ச தோல மட்டும் சாகடிக்கும். ரெண்டு வாரத்துல கறுத்துப் போயி, அப்புறம் உதிர்ந்துரும். சில பேருக்கு ரெண்டாவது தடவயும் போட வேண்டி வரும். வலிக்கும், அத மறைக்க மாட்டேன். மொத விரல மரக்க வைக்கிறேன். இடது கையிலேர்ந்து ஆரம்பிப்போமா?"

கனகராஜ் இடது கையை நீட்டினான். மரக்க வைக்கிற ஊசியே போதுமான வலி. அடுத்தது மருவுக்குள் இறங்கியது. மிஸி சொன்னது பொய்யில்லை. மரத்துப் போன விரலிலும் ஆழத்தில் எங்கோ திருகுவது தெரிந்தது. டாக்டர் விடாமல் அழுத்த, பழுப்பாக இருந்த மரு மெல்ல வெளுத்தது.

"வெளுத்துருச்சு பாத்தீங்களா? மருந்து சரியா உள்ள போயிருக்குனு அர்த்தம்."

கண்ணில் தண்ணீர் வழிந்தாலும் கனகராஜுக்குச் சந்தோஷமாக இருந்தது. மூன்று வருடத்தில் முதல் தடவையாக அந்தச் சனியன் அவனுக்கு முன்னால் நிறம் மாறியது. இரண்டாவது, மூன்றாவது. கலாதேவியின் கை அவன் தோளை இறுக்கிப் பிடித்திருந்தது.

"ரொம்ப நல்லது. இப்ப வலது கை."

அவன் கையை எடுக்கவில்லை.

"அண்ணே, வலது கை."

துணியை மிஸிதான் பிரித்தாள். கடைசிச் சுற்று சதையில் ஒட்டிக்கொண்டிருந்ததால் தண்ணீர் விட்டு ஊற வைத்து எடுத்தாள். தோளில் இருந்த கலாதேவியின் கை விலகியது.

டாக்டர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு குனிந்தார். நீண்ட நேரம் பார்த்தார்.

"என்ன ஆச்சு?"

"எண்ணெய் பட்டுருச்சு டாக்டர். பொரிக்கிற எண்ணெய்."

"எப்போ?"

"ஞாயித்துக்கெழம."

பின்னால் இருந்த கலாதேவி மூச்சை இழுத்துப் பிடித்ததை அவன் கேட்டான். ஞாயிற்றுக்கிழமை அவன் வீட்டிலேயே இல்லை. பதினெட்டு வருடத்தில் அவன் ஒரு அப்பளம் பொரித்ததில்லை. அவள் ஒரு வார்த்தை பேசியிருந்தால் அந்த நிமிடமே கதை முடிந்திருக்கும். அவள் பேசவில்லை.

"நாலு விரல்லயும் மரு மேல மட்டும், வட்டமா. எண்ணெய் இப்படி எடம் பாத்து விழாதுண்ணே." டாக்டர் கண்ணாடியைக் கழற்றினார். "நீங்க ஏதாச்சும் வச்சிருந்தா சொல்லிருங்க, நான் திட்ட மாட்டேன். இந்த மருந்து மருவுக்குள்ளயே நிக்கணும். தோல் வெந்து தொறந்து கெடந்தா சதைக்குள்ள எறங்கிரும். வெரல் நுனி அழுகலாம். நகம் திரும்ப மொளைக்காமயே போகலாம். எவ்ளோ ஆழத்துக்கு வெந்திருக்குனு தெரியாம நான் எப்படிப் போடுறது?"

"எண்ணெய்தான் டாக்டர். மேலாப்லதான். போடுங்க."

"வலிக்குமேன்னு சொல்லல நான்."

"நகம் போனா போவட்டும் டாக்டர். நீங்க போடுங்க. நான் கையெழுத்துப் போட்டுத் தாரேன். இந்தக் கையிலதான் நான் கத்தி புடிக்கணும். இந்தக் கைக்குப் போடலன்னா மத்த கைக்குப் போட்டு என்ன பிரயோஜனம்? திங்கக்கெழம என் நாக்காலி போயிரும். போட்டுருங்க டாக்டர், ஒங்களுக்குப் புண்ணியமாப் போவும்."

அவன் கும்பிட்டான். டாக்டர் கார்மென் தட்டைப் பார்த்தார், சிரிஞ்சைப் பார்த்தார். அந்த முகத்தில் ஒரு தயக்கம் வந்தது. கனகராஜ் அந்தத் தயக்கத்தைப் பிடித்துக்கொண்டு இன்னொரு வார்த்தை சொல்ல வாயைத் திறந்தான்.

திரை விலகியது.

"அது எண்ணெய் இல்லம்மா," என்றார் ஐயாவு.

"அப்பா, நீங்க வெளிய இருங்க."

"இருடா. வெரலு அழுகும்னு அந்தப் புள்ள சொல்லுது, ஒனக்குக் காது கேக்கல?" அவர் டாக்டர் பக்கம் திரும்பினார். குடையை இரண்டு கையாலும் பிடித்திருந்தார். "பாலு ஒறைய ஊத்துற ஆசிட்டும்மா. நான்தான் வச்சேன். தண்ணி கலக்காம வச்சேன். ஊசி லேசா எறங்கட்டும்னு வச்சேன். இவன் மேல தப்பில்ல."

டாக்டர் கையில் இருந்த சிரிஞ்சை மெதுவாகத் தட்டில் வைத்தார். கனகராஜ் அந்தச் சிரிஞ்சையே பார்த்துக்கொண்டிருந்தான். ஒரு சாண் தூரத்தில் இருந்தது.

"சொன்னதுக்கு நன்றிங்கய்யா," என்றார் டாக்டர். "அப்ப இன்னைக்கு வலது கைக்கு முடியாதுண்ணே. மொத இந்தப் புண்ணு ஆறணும். மிஸி மருந்து வச்சுக் கட்டுவாங்க. ஆறு வாரம் கழிச்சு வாங்க, பாத்துட்டு முடிவு பண்ணலாம்."

"ஆறு வாரமா?" என்று கேட்டது கலாதேவி. அந்த அறைக்குள் வந்ததிலிருந்து அவள் பேசிய முதல் வார்த்தை அதுதான்.

வெளியே நடைபாதையில் மூவரும் ஒரு பெஞ்சில் உட்கார்ந்தார்கள். கனகராஜின் இரண்டு கைகளிலும் வெள்ளைக் கட்டு. பார்க்கிறவர்களுக்கு இரண்டுக்கும் வித்தியாசம் தெரியாது.

"என்னத் திட்டும்மா," என்றார் ஐயாவு.

"ஒங்களத் திட்டி இப்ப என்ன மாமா ஆவப்போவுது." அவள் கேண்டீனில் வாங்கிவந்த ரொட்டிப் பொட்டலத்தைப் பிரித்து அவர் மடியில் வைத்தாள். வைத்த வேகத்தில் கோபம் இருந்தது. "சாப்புடுங்க. வெறும் வயித்தோட வந்துட்டு ஆச்சு ஆச்சுன்னா எனக்குத் தெரியாதா?"

பிறகு கணவன் பக்கம் திரும்பினாள். குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

"எண்ணெயாம். நான் பின்னாலதான் நிக்கிறேன், எண்ணெய்ங்கிறீங்க. நாலு நாளா எங்கிட்ட வாயத் தொறக்கல. இந்த ஒரு நாளுக்காக நான் யாரு யாரு கால்லயெல்லாம் விழுந்தேன்னு தெரியுமா ஒங்களுக்கு? புண்ணுன்னு முந்தியே சொல்லியிருந்தா, நான் போன் போட்டு அடுத்த தேதியாவது கேட்டிருப்பேன். அண்ணன்கிட்ட முன்கூட்டியே பேசியிருப்பேன். எல்லாத்தையும் கெடுத்துட்டு, கடைசில ஒரு பொய்யி. அதையும் டாக்டர்கிட்ட."

"அப்பாவ நீ..."

"மாமாவ நான் என்ன பண்ணிருவேன்? கடிச்சா தின்னுருவேன்?"

கனகராஜ் மடியில் கிடந்த கட்டுகளைப் பார்த்தான். அழுகை வந்தது. ஆஸ்பத்திரி நடைபாதையில் உட்கார்ந்து அழுவதற்கு யாரும் யாரையும் ஏதும் சொல்வதில்லை. துடைத்துக்கொள்ளத்தான் முடியவில்லை, இரண்டு கையிலும் கட்டு. கலாதேவி துப்பட்டா முனையால் அவன் முகத்தை வெடுக்கென்று துடைத்துவிட்டாள்.

அப்போதுதான் அவளுடைய கைப்பேசி அடித்தது. அண்ணன்.

அவள் திரையைப் பார்த்தாள். கணவனைப் பார்த்தாள். ரொட்டியைக் கையில் வைத்துக்கொண்டு மெல்லவே மறந்துவிட்ட மாமனாரைப் பார்த்தாள். எழுந்து இரண்டடி தள்ளிப் போய் எடுத்தாள்.

"ஆமாண்ணே. ஆச்சுண்ணே... இல்ல, ரெண்டு கைக்கும் போட்டாச்சு. ஏழுக்கும். ஆமா, நல்லா உள்ள எறங்கிருச்சுன்னு டாக்டரு சொன்னாங்க... வலிதான், தாங்கிக்கிட்டாரு."

கனகராஜ் அப்படியே நிமிர்ந்து உட்கார்ந்தான். பொய் சொன்னதற்காக இப்போதுதான் அவனைக் கிழித்துப் போட்டவள். பிறந்ததிலிருந்து அண்ணனிடம் ஒரு வார்த்தை மாற்றிப் பேசியறியாதவள்.

அவள் போனை அணைத்தபோது முகம் வெளுத்திருந்தது.

"கீழ வாசல்லதான் இருக்காராம். காடி எடுத்துட்டு வந்திருக்காரு, நம்மளக் கூட்டிட்டுப் போவ."

பத்துமலை காரின் பின்கதவைத் தானே திறந்துவிட்டார். கட்டுப் போட்ட இரண்டு கைகளையும் பார்த்துவிட்டு, "பாவம் மாப்ள, ரொம்பப் பண்ணிட்டாங்க போலருக்கே," என்று அவன் முதுகில் தட்டிக்கொடுத்தார். ஐயாவுவின் கையைப் பிடித்து முன்னால் உட்கார வைத்தார். கடையைப் பாதியில் விட்டுவிட்டு வந்திருக்கிறார். சட்டைக் காலரில் யாருடைய முடியோ ஒட்டிக்கொண்டிருந்தது.

காடி ரயில் நிலையத்தைத் தாண்டியது. பத்துமலைக்குப் பேச்சு நிற்கவில்லை.

"கலா போன்ல சொன்னதும் எனக்குப் பெரிய பாரம் எறங்குனாப்ல இருந்துச்சு. ஒடனே அந்தத் தைப்பிங்காரனுக்குப் போட்டேன். தம்பி, வேணாம், எங்க மாப்ள வந்துருவாருன்னுட்டேன். அவனுக்கும் ரெண்டு கடைல கேட்டுக்கிட்டு இருந்தாங்க போல. சரிண்ணே, நான் அங்க சேந்துக்குறேன்னுட்டான். இனிமே அவன் வரமாட்டான். வராட்டி போறான். இருவத்திரெண்டு வருசமா நீங்க நின்ன எடம், அதுல வேறொருத்தன நிக்க வச்சுட்டு நான் எப்படி மாப்ள தூங்குறது?"

கனகராஜ் வெளியே பார்த்துக்கொண்டிருந்தான். மணிக்கட்டில், கட்டுக்கு மேலே, கலாதேவியின் விரல்கள் பதிந்தன. பேசாதீர்கள் என்று அர்த்தம். முன்னால் ஐயாவு நேராகச் சாலையைப் பார்த்தபடி, குடையை முழங்காலுக்கு நடுவில் வைத்துக்கொண்டு ஆடாமல் உட்கார்ந்திருந்தார்.

பேசாமல் இருந்துவிடலாம். ஆறு வாரம் கட்டைப் பிரிக்காமல் ஓட்டிவிடலாம். அதற்குள் புண் ஆறி, ஊசி போட்டு, யாருக்கும் தெரியாமலே கை நல்லாகிவிட்டால் கேட்பார் யார்? ஆகாவிட்டால், மூன்றாவது நாற்காலியைக் காலியாகப் போட்டுக்கொண்டு தன்னையே நம்பி உட்கார்ந்திருக்கும் இந்த மனிதரின் முகத்தில் எப்படி விழிப்பது? ஊரில் எல்லாரிடமும் சொல்லி வைத்திருப்பாரே.

"அடுத்த மாசம் ஒரு கல்யாண மாப்ள சவரம் இருக்கு," என்றார் பத்துமலை. "எங்க மாப்ளதான் பண்ணுவாருன்னு வாக்குக் குடுத்துட்டேன்."

"மச்சான், காடிய கொஞ்சம் ஓரமா நிறுத்துங்க."

"என்னா, தல சுத்துதா? இருங்க, இருங்க."

சுங்கை பாரி சாலைக்குத் திரும்புகிற இடத்துக்கு முன்னால் பத்துமலை காடியை ஓரம் கட்டினார். கலாதேவியின் பிடி இறுகியது. கனகராஜ் அந்த விரல்களை ஒவ்வொன்றாக விலக்கவும் முடியாதவனாக, கையை அவள் பிடியிலேயே விட்டுவிட்டுப் பேசினான்.

"வலது கைக்கு ஊசி போடல மச்சான். புண்ணா இருக்கு. டாக்டரு ஆறு வாரம் தள்ளிப் போட்டுட்டாங்க. கலா போன்ல சொன்னது பொய்யி. சொல்லச் சொன்னது நான்தான்."

முன்னால் ஐயாவு கண்ணை மூடிக்கொண்டார்.

பத்துமலை இன்ஜினை அணைத்தார். திரும்பிப் பார்க்கவில்லை. மேலே இருந்த கண்ணாடியைக் கொஞ்சம் சாய்த்து, அதில் தங்கையின் முகத்தைத் தேடினார்.

"கலா, நீ சொல்லும்மா. இவரா சொல்லச் சொன்னாரு?"